காலி டின்னின் விலை

1892 ஆகஸ்ட் 24 அன்று 'மியூரெக்ஸ்' என்ற கப்பல் சூயஸ் கால்வாயைக் கடந்தது. அதில் பீப்பாய் கிடையாது, பெட்டி கிடையாது. கருங்கடல் துறைமுகமான பாத்தூமில் ஏற்றிய நாலாயிரம் டன் ருஷ்ய மண்ணெண்ணெய் கப்பலின் தொட்டிகளில் அப்படியே தளும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கால்வாய் வழியே போன முதல் எண்ணெய்க் கப்பல் அதுதான். அனுப்பியவர் லண்டன் வணிகர் மார்க்கஸ் சாமுவேல். அவருடைய அப்பா கிளிஞ்சல் வியாபாரி. அந்த ஞாபகத்தில்தான் கப்பலுக்கு ஒரு சங்கினத்தின் பெயர் வைத்தார். 1897இல் தொடங்கிய கம்பெனிக்கும் 'ஷெல்' என்றே பெயர் வைத்தார்.

சாமுவேல் போட்ட கணக்கு எளிமையானது. ஆசியச் சந்தையில் அப்போது அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் கொடிகட்டிப் பறந்தது. மண்ணெண்ணெயைத் தகர டின்களில் அடைத்து, ஒரு மரப்பெட்டிக்கு இரண்டு டின் என்று வைத்து அனுப்புவது அவர்கள் வழக்கம். டின்னுக்குச் செலவு, பெட்டிக்குச் செலவு, இரண்டும் கப்பலில் அடைக்கும் இடத்துக்கும் செலவு. எண்ணெயை மட்டும் மொத்தமாகக் கொண்டுவந்து துறைமுகத் தொட்டியில் நிரப்பினால் விலையில் அவர்களை அடித்துவிடலாம். வாங்குகிறவர்கள் பாத்திரத்தைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டு போகட்டும்.

எதிர்பார்த்தபடி யாரும் பாத்திரத்தோடு வந்து நிற்கவில்லை.

அவர்களுக்கு எண்ணெயோடு டின்னும் வேண்டியிருந்தது. அமெரிக்கக்காரனின் நீல டின் அதற்குள் கிழக்கு ஆசியா முழுவதும் வாளியாகவும் அடுப்பாகவும் கூரையாகவும் மாறிவிட்டிருந்தது. எண்ணெய் தீர்ந்த பிறகு கையில் நிற்கும் பொருளையும் சேர்த்துத்தான் ஜனங்கள் விலை பார்த்தார்கள். சாமுவேலின் ஆட்கள் வேறு வழியில்லாமல் தகரத் தகடுகளைக் கப்பலேற்றி அனுப்பி, ஆசியத் துறைமுகங்களிலேயே டின் செய்ய ஏற்பாடு செய்தார்கள். நீலத்துக்குப் போட்டியாக அவர்கள் அடித்த வண்ணம் பளபளக்கும் சிவப்பு. லண்டனில் தெரியாத கணக்கு சமையற்கட்டில் தெரிந்திருந்தது.

அந்த டின்னில் அப்படி என்ன அதிசயம்? மெல்லிய இரும்புத் தகடு, அதன்மேல் துரு ஏறாமலிருக்க வெள்ளீயப் பூச்சு. சதுர அடி, உயரமான உடம்பு. கொள்ளளவு 4 காலன், அதாவது ஏறக்குறைய 18 லிட்டர். தளும்பத் தளும்பத் தண்ணீர் பிடித்தால் ஓர் ஆள் மூச்சு வாங்காமல் தூக்கக்கூடிய எடை. வட்டக் குடத்தைப் போல உருளாது. சுவரோரம் ஒட்டி உட்காரும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்.

தமிழ்நாட்டு வீடுகளில் இதற்குப் பல பிறவிகள் இருந்தன. மண்ணெண்ணெய் வாடை லேசில் போகாது. சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, நாள்கணக்கில் வெயிலில் கவிழ்த்து வைத்தால்தான் அரிசி, பருப்புப் பக்கம் அதைச் சேர்க்க முடியும். அந்தத் தேர்வில் தேறிய டின் தகர வேலைக்காரரிடம் போகும். அவர் கரியடுப்பில் பற்றுக்கோலைக் காய்ச்சி, பற்றாசு வைத்து, கீல் போட்ட மூடியும் கொண்டியும் பொருத்திக் கொடுப்பார். பூட்டும் போடலாம். தீபாவளி முறுக்கைப் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்ற அதைவிட நல்ல பெட்டகம் கிடைத்ததில்லை.

தேறாத டின் தண்ணீர் சுமக்கப் போகும். வாய்ப்பக்கம் குறுக்கே ஒரு கட்டையை வைத்து ஆணி அடித்தால் கைப்பிடி தயார். டீக்கடைக்கும் கட்டட வேலைக்கும் தண்ணீர் டின் கணக்கில்தான் வந்தது. வெள்ளையடிக்கிறவர் சுண்ணாம்பு கரைக்கவும் அதுவே. ஓட்டை விழுந்த பிறகு துளசிச் செடி வைக்கலாம். கதிர் முற்றும் காலத்தில் கிளி விரட்ட வயலில் தட்டலாம். அதற்கும் லாயக்கில்லை என்றால் நாலு பக்கத்தையும் வெட்டி விரித்து, குடிசைக் கூரையில் ஒழுகும் இடத்தில் செருக வேண்டியதுதான். டின் வந்த மரப்பெட்டியும் சும்மா இருந்ததில்லை. நிமிர்த்தி வைத்தால் புத்தக அலமாரி, கவிழ்த்தால் முக்காலி.

சென்னையிலும் எண்ணெய் பெரிய தொட்டிகளில் சேர்ந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்தை நோக்கிச் சுட்டபோது பற்றி எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள்தான். அந்தக் குண்டுவீச்சு தமிழுக்கு ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனது: ஆள் சாமர்த்தியசாலி என்றால் 'சரியான எம்டன்' என்கிறோம்.

துறைமுகம்வரை எண்ணெய் எப்படி வந்தாலும், உள்ளூர்க் கடைகளுக்கு அது டின்னில்தான் போயாக வேண்டும். டின்னுக்கு இருந்த தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு தொழிற்சாலையே சாட்சி. 1920இல் டாடா இரும்பு நிறுவனமும் பர்மா ஆயில் கம்பெனியும் கைகோத்து ஜாம்ஷெட்பூரின் கோல்முரியில் தகரத் தகடு ஆலைக்கென ஒரு கம்பெனியைத் தொடங்கின. எண்ணெய்க் கம்பெனிக்கு இரும்புத் தகட்டில் என்ன வேலை என்று கேட்டால், பதில் மண்ணெண்ணெய் டின்தான். வாங்குகிற வீடுகளோ அதை எண்ணெய் அடைக்கும் பாத்திரமாக மட்டும் ஒருநாளும் பார்க்கவில்லை.

பிளாஸ்டிக் குடம் வந்ததும் தண்ணீர் டின்னின் காலம் முடிந்தது. குடம் இலேசு, துருப் பிடிக்காது, இடுப்பில் உட்காரும். குழாயடியில் வரிசை நிற்கும் பெண்களுக்கு அது உண்மையிலேயே விடுதலைதான், அதை மறுத்துப் பயனில்லை. ஆனால் உடைந்த பிளாஸ்டிக் குடத்துக்கு மறுபிறவி குறைவு. பற்றாசு வைத்து அதை அடைக்க முடியாது. தெருவோடு கூவிக்கொண்டு வந்த தகர வேலைக்காரரும் அப்படியே காணாமல் போனார்.

டின் மட்டும் முழுதாகப் போகவில்லை. ஜப்பானில் 18 லிட்டர் சதுர டின்னுக்கு இன்றும் 'இத்தோகான்' என்ற பெயர் புழங்குகிறது. நம்மூரில் சமையல் எண்ணெய் வரும் 15 கிலோ டின் அதே வார்ப்புதான். ஒருமுறை பயன்படுத்திய தகர டின்னில் மறுபடி சமையல் எண்ணெய் அடைத்து விற்க உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை போடுகின்றன. கலப்படத்துக்கும் துருவுக்கும் பயந்து போட்ட நியாயமான தடை அது. மாடியில் கறிவேப்பிலை வளர்ப்பதையோ, வாசலில் மணல் நிரப்பி வைப்பதையோ அது தடுக்காது. ஓட்டல்களில் எண்ணெய் தீர்ந்ததும் டின்னை யாரும் குப்பையில் வீசுவதில்லை. சமையற்கட்டுக்குப் பின்னால் அடுக்கி வைக்கிறார்கள். வாங்க ஆள் வருகிறது. காலி டின்னுக்குத் தனி விலை.