முதலில் யார் போவது? - ஒரு சுவிட்சுக்குள் நடக்கும் வரிசையின் கதை

பி.காம் படிக்கிறவனுக்கு நெட்வொர்க் சுவிட்சோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது.

போன செமஸ்டரில் எங்கள் வகுப்புக்கு இணையவழியில் ஒரு கருத்தரங்கம். வெளியூரிலிருந்து பேசியவர் எங்களைக் கேள்வி கேட்டார். நாங்கள் சொன்ன பதில் அவருக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது. பக்கத்து லேபில் அத்தனை கணினிகளிலிருந்தும் பெரிய பெரிய பைல்களை ஒரே நேரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லேப் அண்ணா வந்தார், சுவிட்சின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஏதோ மாற்றினார். குரல் தெளிவாகிவிட்டது!

"ஸ்பீடைக் கூட்டிட்டீங்களாண்ணா?" என்றேன்.

"இல்ல தம்பி. குரலை முன்னாடி போகச் சொன்னேன், அவ்வளவுதான்."

அந்த 'முன்னாடி போகச் சொல்வதற்கு' பெயர்தான் க்வாலிட்டி ஆஃப் சர்வீஸ், சுருக்கமாக க்யூ.ஓ.எஸ். அதன் பின்னால் 40 வருடத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கிறது.

இணையத்தில் எதுவும் முழுசாகப் போவதில்லை. எல்லாம் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாக உடைந்துதான் போகும். 1981 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி 791 என்ற ஆவணம் ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் 3 பிட்களை முன்னுரிமைக்கென்று ஒதுக்கியது. மொத்தம் 8 படிகள். அவற்றின் பெயர்களைப் பாருங்கள்: ரொட்டீன், இமீடியட், ஃப்ளாஷ், ஃப்ளாஷ் ஓவர்ரைட்... ராணுவத் தந்தி வாடை அடிக்கிறது அல்லவா? இணையத்தின் தாயான அர்பாநெட், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் வளர்ந்தது. அவசரச் செய்தி முதலில் போக வேண்டும் என்ற ராணுவப் பழக்கம் அப்படியே பாக்கெட்டுக்கும் வந்துவிட்டது.

ஆனால் அந்த 3 பிட்களைப் பெரும்பாலும் யாரும் சீண்டவில்லை. அதற்குள் நெரிசல் வந்துவிட்டது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே வினாடிக்கு 32,000 பிட் வேகம் வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. இரண்டுக்கும் இடையே தூரம் 400 கஜம்தான்! வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து, நெரிசலைக் கண்டால் அனுப்புகிறவரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை 1988-ல் வெளியிட்டார்.

அதே காலத்தில்தான் எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம். அமெரிக்காவின் சூப்பர் கணினி மையங்களை இணைத்த என்.எஸ்.எஃப்.நெட்டின் முதல் பாதை வினாடிக்கு 56,000 பிட் மட்டுமே. தூரத்துக் கணினியில் டெல்நெட் மூலம் வேலை செய்கிறவர்கள் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு, அது திரையில் வரக் காத்துக் கிடந்தார்கள். பாதையை பைல் பரிமாற்றம் அடைத்துக்கொண்டிருந்தது. அங்கே வழிகாட்டிகளாக இருந்த 'ஃபஸ்பால்' கணினிகளை உருவாக்கியவர் டேவிட் மில்ஸ். நெரிசலின்போது டெல்நெட் பாக்கெட்டுகள் முதலில் போகும்படி அவற்றில் ஏற்பாடு செய்தார்கள். ஆனால் இதைப் பயனாளர்களிடம் விளம்பரப்படுத்தவில்லை. தெரிந்தால் எல்லோரும் தங்கள் பாக்கெட்டுக்கும் அந்த முன்னுரிமையைத் தேடிக்கொள்வார்களே!

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஆம்புலன்சுக்கு வழி விடுகிறோம். நாளைக்கு எல்லா காரும் சைரன் மாட்டிக்கொண்டால்? முன்னுரிமையைக் கேட்பவரே எடுத்துக்கொள்ள முடிந்தால் அதற்கு மதிப்பே இல்லை.

பிறகு 1990-களில் குரலும் வீடியோவும் வந்தன. 1994-ல் வந்த யோசனை 'இன்ட்செர்வ்'. ரயிலில் பெயர் சொல்லி பெர்த் பதிவு செய்வது மாதிரி, ஒவ்வொரு உரையாடலுக்கும் வழி நெடுக இடம் ஒதுக்குவது. லட்சக்கணக்கான உரையாடல்களை ஒவ்வொரு ரூட்டரும் நினைவில் வைக்க வேண்டும் என்பதால் பெரிய அளவில் இது எடுபடவில்லை. 1998 டிசம்பரில் 'டிஃப்செர்வ்' வந்தது. இதில் ஆள் பெயர் வேண்டாம், வகுப்பு மட்டும் போதும். 6 பிட்கள், 64 வகைகள். குரலுக்கு வழக்கமாகப் போடும் எண் 46. இந்த அவசர வகுப்பை 1999-ல் வரையறுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே வான் ஜேக்கப்சன்! சுவிட்சுகளுக்கென்று 802.1பி என்ற தரமும் 1998-ல் வந்தது. அங்கே மறுபடியும் 3 பிட், 8 படி.

இப்போது லேப் அண்ணாவிடம் திரும்புவோம். அவர் எழுதிய பாலிசியில் நான்கு வேலைகள். முதலில், வருகிற பாக்கெட் குரலா பைலா என்று பிரிப்பது. இரண்டாவது, அதற்கு முத்திரை குத்துவது. மூன்றாவது, ஒரு அளவுக்கு மேல் வந்தால் கழிப்பது. நான்காவது, எந்த வரிசை முதலில் நகரும் என்று சொல்வது. குரல் வரிசைக்கும் ஒரு உச்சவரம்பு போடாவிட்டால் மற்ற வரிசைகள் பட்டினி கிடக்கும்.

இவற்றோடு இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்: இந்த போர்ட்டை நம்பலாமா? மேசைமேல் இருக்கும் தொலைபேசி 46 என்று போட்டு அனுப்பினால் சுவிட்ச் நம்பும். என் கணினி 46 என்று போட்டு அனுப்பினால் அதை அழித்து 0 ஆக்கிவிடும். ஃபஸ்பால்காரர்கள் ரகசியமாகச் செய்ததை இன்று சுவிட்ச் வெளிப்படையான விதியாகச் செய்கிறது.

க்யூ.ஓ.எஸ். ஒரு பிட்டைக்கூடப் புதிதாக உருவாக்குவதில்லை. ஒருவர் முன்னால் போனால் இன்னொருவர் பின்னால் நிற்கிறார், அவ்வளவுதான். பொருளாதார வகுப்பில் படிக்கும் பற்றாக்குறைப் பங்கீடு இதுதானே? கல்லூரிக்குள் லேப் அண்ணா முடிவு செய்யலாம், வரிசை எல்லோருக்கும் பொது. ஊர் முழுக்கப் போகும் இணையத்தில் கம்பெனி முடிவு செய்தால்? அதனால்தான் இந்தியா 2018-ல் நெட் நியூட்ராலிட்டி கொள்கையை ஏற்றபோது பாரபட்சம் கூடாது என்றது, நியாயமான போக்குவரத்து மேலாண்மைக்கு மட்டும் இடம் விட்டது.

அன்றைக்கு எங்கள் குரல் தெளிவாகப் போனது. பக்கத்து லேபில் பைல் ஏற்றியவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. சரியான முடிவுதான். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.