ஓய்விலிருந்து சுமைக்கு: முழங்கால் தசைநாண் வலியும் சிகிச்சையின் திசைமாற்றமும்

மும்பையின் தாதர் சிவாஜி பார்க்கில் கோ-கோ, பக்கத்து மாதுங்காவின் இந்தியன் ஜிம்கானாவில் கூடைப்பந்து. தாவலும் திடீர் நிறுத்தமும் நிறைந்த இவ்வகை ஆட்டங்களில் முழங்கால் சில்லின் கீழ்நுனியில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலி வருவதுண்டு. ஆடத் தொடங்கி உடல் சூடேறியதும் அது தணியும். மறுநாள் படியிறங்கும்போது திரும்பும். நார்வேயின் முன்னணி வீரர்களிடம் நடந்த 2005ஆம் ஆண்டு ஆய்வு, கைப்பந்தில் ஏறத்தாழ 45 சதவீதத்தினருக்கும் கூடைப்பந்தில் 32 சதவீதத்தினருக்கும் இவ்வலி இருப்பதாகக் கண்டது. இத்தனை பேரைப் பிடிக்கும் நோய்க்கு இன்றும் ஓய்வும் ஐஸும் மட்டுமே பரிந்துரைக்கப்படுவது சரியல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1973இல் அமெரிக்க மருத்துவர் பிளேசினாவும் அவருடைய சகாக்களும் இவ்வலிக்கு ‘தாவுவோர் முழங்கால்’ என்ற பெயரை நிலைநிறுத்தியபோது, இது அழற்சி என்றே கருதப்பட்டது. அழற்சி என்றால் ஓய்வு, வீக்கம் குறைக்கும் மாத்திரை, ஸ்டீராய்டு ஊசி. ஆனால் அறுவையில் எடுத்த தசைநாண் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு அழற்சி அணுக்கள் அதிகம் தென்படவில்லை. ஒழுங்கு குலைந்த கொலாஜன் இழைகளும் புதிதாக முளைத்த இரத்தக்குழாய்களும்தான் தெரிந்தன. தசைநாண் தன் மேல் விழும் சுமைக்கேற்பவே தன்னைச் சீரமைக்கிறது. முழு ஓய்வில் அதன் தாங்குதிறன் இன்னும் குறைகிறது. 1980களில் கனடாவின் ஸ்டானிஷும் கர்வினும் பயிற்சியையே மருந்தாக்கினர். 1998இல் சுவீடனின் ஆல்ஃபிரெட்சன் குதிகால் நாணில் அதே வழியில் வெற்றி கண்டார். 2009இல் டென்மார்க்கில் கோங்ஸ்கார்ட் குழு சிகிச்சைகளை ஒப்பிட்டது. ஸ்டீராய்டு ஊசி 12 வாரத்தில் நல்ல பலன் காட்டி, ஆறு மாதத்தில் அதை இழந்தது. மெதுவாகச் செய்த கனமான எடைப் பயிற்சியின் பலனோ நிலைத்தது. விரைவில் தணிவதைக் குணம் என்று எண்ணியதுதான் பழைய முறையின் அடிப்படைப் பிழை.

உட்கார்ந்து எழும் பஸ்கி நம் தேகப்பயிற்சிக் கூடங்களில் காலங்காலமாக இருப்பதுதானே, இதில் புதிதென்ன என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. பஸ்கியில் உட்காரும்போது குதிகால் எழும்பி முழங்கால் முன்னே வரும். 2004இல் பர்டம் குழு சோதித்த 25 பாகைச் சாய்பலகையும் குதிகாலை உயர்த்தியே சில்லுத் தசைநாணின் மேல் சுமையைக் கூட்டுகிறது. வேறுபாடு அளவில் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் வேகமாகப் போடும் பஸ்கி உடல்வலுவுக்கானது. நோயுற்ற நாணுக்கு வேண்டியது குறைந்த எண்ணிக்கை, நிதானம், வாரந்தோறும் ஏறும் எடை, நடுவில் ஓய்வு நாள்.

வலிக்கும் காலில் சுமை ஏற்றலாமா என்பது இன்னும் கடினமான மறுப்பு. தாங்கக்கூடிய வலி மறுநாளுக்குள் பழைய நிலைக்கு இறங்கினால் தொடரலாம்; இறங்காவிட்டால் எடையைக் குறைக்க வேண்டும். போட்டிப் பருவத்தின் நடுவே, ஆட்டத்தைக் குறைக்காமல், கைப்பந்து வீரர்களுக்குச் சாய்பலகைப் பயிற்சியைக் கொடுத்த 2005ஆம் ஆண்டின் இன்னொரு நார்வே ஆய்வில் பலன் கிடைக்கவில்லை. எனக்கு இது பயிற்சியின் தோல்வியாகத் தோன்றவில்லை. மொத்தச் சுமையை யாரும் கணக்கிடாததன் விளைவு. அறுவை பயிற்சியைவிட மேல் என்றும் சொல்வதற்கில்லை: 2006இல் பார் குழு ஓராண்டு கழித்து ஒப்பிட்டபோது இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே பயிற்சியாளர்கள் வலியோடு வரும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டாம். தாவலைக் குறையுங்கள், பிசியோதெரபிஸ்டின் மேற்பார்வையில் எடையைத் தொடங்குங்கள், குறைந்தது மூன்று மாதம் பொறுங்கள்.