தீர்ந்ததா, கசிந்ததா?

சென்ற கோடையில் நண்பரின் காருடன் டெல்லியில் ஒரு பட்டறைக்குச் சென்றிருந்தேன். "கேஸ் கத்ம் ஹோ கயீ" என்றார் பணியாளர். கசிவைத் தேடாமலேயே வாயுவை நிரப்பிக் கொடுத்தார். இரண்டே மாதங்களில் மீண்டும் வெப்பக் காற்று. தமிழிலும் நாம் "கேஸ் தீர்ந்துவிட்டது" என்றே சொல்கிறோம். பெட்ரோல் எரிந்து தீரும். குளிர்சாதன வாயுவோ மூடிய குழாய்ச் சுற்றுக்குள் நீர்மமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுழல்வது, அது தீர்வதில்லை. குறைந்தால், எங்கோ கசிந்திருக்கிறது என்பதே பொருள்.

அக்கசிவைக் கண்டறியும் முறைகளின் வரலாற்றில் ஒரு முரண் உண்டு. தொடக்ககாலக் குளிர்பதனக் கருவிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் பயன்பட்டன. அவை கசிந்தால் மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். 1928இல் தாமஸ் மிட்ஜ்லியின் குழு உருவாக்கிய ஆர்-12 எரியாதது, நச்சற்றது. ஆனால் மணமும் அற்றது. பாதுகாப்பான வாயு வந்தபோது, கசிவு புலன்களுக்கு எட்டாததாயிற்று.

1940ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் பேக்கார்டு நிறுவனம் குளிர்சாதன வசதியை அளித்தது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசரைப் போல் காரின் கம்ப்ரசரை முற்றும் மூடிப் பற்றவைக்க இயலாது. எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் அதன் தண்டு வெளியே நீண்டாக வேண்டும். அதிர்வைத் தாங்க ரப்பர்க் குழாய்களும் வேண்டும். ஆகவே கார் கசிவுக்கு இயல்பிலேயே இடங்கொடுப்பது.

அதைக் காட்ட உதவியது ஹாலைடு விளக்கு. அதன் சுடர் ஒரு செப்புத் தகட்டைச் சூடாக்கும். ஐயத்திற்குரிய இணைப்பின் அருகிலிருந்து ஒரு குழாய் காற்றை உறிஞ்சி வரும். அதில் ஆர்-12 கலந்திருந்தால், அதன் குளோரின் செம்புடன் வினைபுரிந்து சுடரைப் பச்சையாக்கும். 1872இல் பெயில்ஸ்டைன் விவரித்த வேதிச் சோதனையே இதன் அடிப்படை.

1974இல் மோலினாவும் ரோலண்டும் எச்சரித்தது அந்தக் குளோரினைப் பற்றித்தான். சுடரைப் பச்சையாக்கிய தனிமமே வளிமண்டலத்தின் உயரத்தில் ஓசோனையும் சிதைக்க வல்லது. 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. 1992இல் இந்தியா அதில் இணைந்தது. கார்கள் குளோரின் அற்ற ஆர்-134ஏ வாயுவுக்கு மாறின. பழைய விளக்கு குருடாயிற்று. மின்னணு உணரிகளும், புறஊதா ஒளியில் ஒளிரும் சாயமும் அவ்விடத்தைப் பிடித்தன.

ஆனால் ஆர்-134ஏவும் தீங்கற்றதன்று. நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 1,430 மடங்கு வெப்பமூட்டும் ஆற்றல் அதற்குண்டு. இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலியில் முடிவாயிற்று. 2021இல் இந்தியா அதற்கு ஒப்புதல் அளித்தது.

கருவிகள் மாறிவிட்டன, வினைச்சொல் மாறவில்லை. "தீர்ந்தது" என்றால் "நிரப்பு" என்பதே அடுத்த சொல். "கசிந்தது" என்றால் "எங்கே?" என்று கேட்டாக வேண்டும். அக்கேள்வியைக் கேட்காமல் நிரப்பும் ஒவ்வொரு முறையும், முன்பு நிரப்பியது காற்றில்தான் இருக்கிறது.