செம்மறிகளில் குடற்புழு எதிர்ப்பு: ஆய்வு வரலாறு

ஒரே புல்வெளியில் மேயும் செம்மறிகள் எல்லாம் புழுவால் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. சில மெலிந்து சாகும். சில அதே புழுவை விழுங்கியும் கொழுத்து நிற்கும். இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி பரம்பரையாக வருவது என்று நிறுவி, அதை இனவிருத்திக்குப் பயன்படுத்த முனைந்த ஆய்வின் வரலாறு இது.

வெப்ப நாடுகளில் முதல் எதிரி ஹீமோங்கஸ் கன்டார்ட்டஸ் என்னும் இரத்தம் உறிஞ்சும் புழு. பெண் புழுவில் இரத்தம் நிறைந்த குடலைச் சுற்றி வெள்ளைச் சூலகம் பின்னிக் கிடப்பதால், சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கியதுபோலத் தெரியும். ருடோல்ஃபி 1803இல் இதை விவரித்தார். கோப் 1898இல் இதற்கெனத் தனிப் பேரினம் வகுத்தார். செம்மறியின் நான்காம் இரைப்பையில் தங்கும் பெண் புழு ஒன்று நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அவை சாணத்தோடு வெளியேறி, ஈரமும் சூடும் கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் புல்நுனியில் ஏறும் இளம்புழுவாகும். மழைக்காலத்தில் ஆடு இரத்தம் வற்றி, கண்ணிமை வெளுத்து, தாடைக்குக் கீழே நீர் கோத்து விழுவது இதனால்தான்.

மருந்து வந்ததும் கவலை தீர்ந்தது என்று பலர் நம்பினர். 1961இல் தயாபெண்டசோல் சந்தைக்கு வந்தது. மூன்றே ஆண்டுகளில் அதற்கு மசியாத ஹீமோங்கஸ் பதிவானது. இந்தியாவில் 1976இல் அதே செய்தி வந்தது. 1981இல் வந்த ஐவர்மெக்டினும் தப்பவில்லை. மந்தை முழுவதற்கும் தவணை தவறாமல் பூச்சி மருந்து புகட்டியதே இதற்குப் பெரும் காரணம்: மருந்தில் பிழைத்த புழுக்களின் சந்ததி மட்டும் மேய்ச்சல் நிலத்தில் எஞ்சியது. இதற்கு மாற்றாகத் தென்னாபிரிக்கர்கள் 1990களில் ஃபமாச்சா அட்டையை உருவாக்கினர். கண்ணிமையின் நிறத்தை ஐந்து படிகளில் ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுப்பது இம்முறை. மந்தையின் புழுச் சுமையில் பெரும் பங்கைச் சில ஆடுகளே தாங்குகின்றன என்ற உண்மையை இது நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

பரம்பரையை அறிய முதலில் புழுவை எண்ண வேண்டும். சிட்னியின் மக்மாஸ்டர் ஆய்வகத்தில் கோர்டனும் விட்லொக்கும் 1939இல் வெளியிட்ட சாண முட்டை எண்ணும் முறை அதற்கு வழி திறந்தது. இன்றும் அதுவே அடிப்படை. அவுஸ்திரேலியாவின் ஆர்மிடேலில் 1970களில் மெரினோ செம்மறிகளை முட்டைக் கணக்கின்படி எதிர்ப்பு மந்தை, பலவீன மந்தை என்று பிரித்து வளர்க்கத் தொடங்கினார்கள். தலைமுறைக்குத் தலைமுறை இடைவெளி அகன்றது. முட்டைக் கணக்கில் ஆட்டுக்கு ஆடு காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ கால் பங்கு பரம்பரையிலிருந்து வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. தனி ஒரு மரபணு இதற்குப் பொறுப்பல்ல. நோயெதிர்ப்பைச் சார்ந்த பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து இதைச் செய்கின்றன. ஆகவே மெல்ல நடக்கும் வேலை இது.

என் கணிப்பில், இந்த வரலாற்றின் செழுமையான பகுதி உள்நாட்டு இனங்களில்தான் இருக்கிறது. கென்யாவின் ஈரமான கரையோரத்தில் 1990களில் சிவப்பு மசாய் செம்மறியையும் உருவில் பெரிய டோர்ப்பரையும் சேர்த்து மேய்த்துப் பார்த்தார்கள். டோர்ப்பர் குட்டிகள் அதிகம் மடிந்தன. உள்ளூர் இனமே அங்கு இலாபம் தந்தது. வறண்ட மேட்டு நிலத்தில் அந்த முன்னிலை அவ்வளவு தெளிவாக இல்லை. எதிர்ப்பின் மதிப்பு இடத்தைப் பொறுத்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

வங்காளத்தின் சுந்தரவனச் சதுப்பில் மேயும் கரோல் இனம் உள்நாட்டு இனங்களின் எதிர்ப்புக்கு இன்னொரு சான்று. வளர்ந்த ஆடே பத்து முதல் பதினைந்து கிலோதான். ஆனால் இரட்டைக் குட்டி ஈனும். மகாராட்டிரத்தின் பல்டனில் நிம்ப்கர் வேளாண் ஆய்வு நிறுவனம் தக்காணி, பன்னூர் இனங்களைக் கரோலோடு கலந்து, 2003இல் முடிவை வெளியிட்டது. கலப்புக் குட்டிகளின் சாணத்தில் புழு முட்டை குறைவாக இருந்தது; எடை கூடுவதிலோ அவை பின்தங்கின. ராஜஸ்தானின் அவிகாநகர் மத்திய செம்மறி ஆய்வு நிறுவனம் மால்புரா, அவிகாலின் மந்தைகளிலும் எதிர்ப்பு, பலவீன வரிசைகளைப் பிரித்து வளர்த்தது.

இலங்கையில் செம்மறி பெரும்பாலும் வடக்கின் வறண்ட நிலத்துக்குரியது. யாழ்ப்பாணச் செம்மறி சிறிய உடலும், கம்பளிக்குப் பதில் முடியும் கொண்டது. ஆட்டுக் குடற்புழு பற்றிப் பேராதனை ஆய்வாளர் வறண்ட பகுதிகளில் செய்த வேலை பெரும்பாலும் வெள்ளாட்டையே பற்றியது. ஆகவே உடல் பெருக்க வெளி இனக் கிடாய்களைக் கொண்டுவருவோர், அதற்கு முன் உள்ளூர்க் கிடாய்களின் சாண முட்டைக் கணக்கை மாரி காலத்தில் எடுத்துப் பதிந்து வைக்க வேண்டும். கலந்த பிறகு அந்தக் கணக்கை யாராலும் எடுக்க முடியாது.