குடலிறக்கம்

'குடலிறக்கம்' என்ற சொல்லில் குடல் கீழே இறங்குகிறது. தொடையிடுக்கில் புடைத்துத் தெரியும் வழக்கமான ஹெர்னியாவுக்கு அது பொருத்தம்தான். பிறவி உதரவிதானக் குடலிறக்கத்தில் நடப்பதோ ஏற்றம். உதரம் என்றால் வயிறு, விதானம் என்றால் மேற்கட்டி, இரண்டும் வடமொழி. வயிற்றுக்கு மேல் கட்டிய அந்தத் தசைப் பந்தலில் கருவிலேயே ஓட்டை இருந்தால் குடல் மார்புக்குள் ஏறிவிடும். நுரையீரல் வளர இடமிருக்காது. கிரேக்கர் இதே தசையைக் குறுக்கு வேலியாகப் பார்த்தார்கள். எனக்குப் பந்தல்தான் பிடிக்கிறது.

பாட்டிமார் சொல்லும் 'குடலேத்தம்' வேறு: வாந்தியெடுக்கும் பிள்ளைக்கு வயிற்றில் எண்ணெய் தடவி நீவிவிடுவார்கள். சொல்லளவில் இந்த நோய்க்கு அதுவே நெருக்கம்.

கருவில் இந்த உதரவிதானக் குடலிறக்கம் மிகக் கடுமையாக இருந்தால், கர்ப்பத்தின் 27 முதல் 29 வாரத்துக்குள், தாயின் வயிற்று வழியே நுண்குழாய் செலுத்தி, கருவின் மூச்சுக்குழலில் சிறு பலூனை ஊதி வைக்கிறார்கள். நுரையீரலில் ஊறும் திரவம் வெளியேற வழியின்றித் தேங்கி, அதை உள்ளிருந்தே விரிக்கிறது. 34ஆம் வாரத்தில் பலூனை எடுத்துவிடுவார்கள். பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர் யான் டெப்ரெஸ்ட் தலைமையிலான ஆய்வு 2021இல் வெளியானது: பலூன் வைத்த குழந்தைகளில் 40 சதவீதம் பிழைத்து வீடு திரும்பின, வைக்காதவற்றில் 15. குறைப்பிரசவ அபாயம் கூடுகிறது. ஓட்டையைத் தைப்பது பிறந்த பிறகுதான்.