மகமையும் தானமும்: பர்மாவில் நகரத்தார் அறக்கொடையும் பௌத்த இல்லறத்தார் இயக்கமும்

முன்னுரை

கானாடுகாத்தான் வீடுகளின் தேக்குத் தூண்களைப் போற்றாத பயணக் குறிப்பு அரிது. அத்தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்பதோடு பெரும்பாலான குறிப்புகள் நின்றுவிடுகின்றன. தூணுக்கு விலை கொடுத்த பணம் எந்நாட்டு நெல்வயலில் விளைந்ததோ, அந்நாட்டு உழவர் அதே காலத்தில் தம் சமயத்தைத் தாமே காக்க முற்பட்டு ஊர்தோறும் சங்கம் அமைத்துவந்தனர் என்பது அங்குப் பேசப்படுவதில்லை. நகரத்தார் சமயவாழ்வும் இல்லறத்தாரால் நடத்தப்பெறுவதே. கோயிலைக் கட்டுவோர், கணக்கு வைப்போர், விழா எடுப்போர் அனைவரும் வணிகக் குடும்பத்தாரே. இவ்விரு இல்லறச் சமய மரபுகளும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் வளர்ந்தும் ஒன்றோடொன்று உறவு கொள்ளவில்லை. அதற்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னைய மரபு

பௌத்த நாடுகளில் தமிழ் வணிகர் தங்கியமை புதிதன்று. பர்மாவின் பகான் நகரில் கிடைத்த பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, அங்கிருந்த நானாதேசி விண்ணகரத்திற்கு மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த ஒருவர் மண்டபமும் கதவும் விளக்கும் அளித்ததைக் கூறுகிறது. பௌத்த அரசரின் தலைநகரில் வணிகர் தமக்கென ஒரு திருமால் கோயில் வைத்திருந்தனர் என்பது இதனால் தெளிவு.

இலங்கையின் பொலனறுவையில் உள்ள வேளைக்காரர் கல்வெட்டு வேறொரு நிலையைக் காட்டுகிறது. முதலாம் விசயபாகு (1055–1110) காலத்தில் எழுப்பப்பெற்ற தந்தத்தாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் தமிழில் எழுதிய உடன்படிக்கையால் ஏற்றனர். அவ்வேளையில் அவர்கள் வலஞ்சியரையும் நகரத்தாரையும் உடன்கூட்டிக்கொண்டனர். இங்கு வரும் ‘நகரத்தார்’ வணிக நகரச் சபையினர். செட்டிநாட்டு நகரத்தாரோடு இவர்களை ஒன்றாக்கிப் பெருமை பேசுவது பொருந்தாது. எனினும் சைவ, வைணவப் பின்னணி கொண்ட தமிழ்க் குழுக்கள் புத்தரின் தாதுவைக் காப்பதைத் தம் கடனாக ஏற்க முடிந்தது என்பது கருதத்தக்கது. அவர்கள் அவ்வாறு நின்றதற்குப் பக்தி மட்டுமே காரணமாகாது. உள்ளூர் அரசனையும் சங்கத்தையும் சார்ந்தே அயல்நாட்டு வணிகனின் பாதுகாப்பு அமைந்திருந்தது.

மகமையின் வழி

1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869இல் சூயெசுக் கால்வாய் திறந்தபின் ஐராவதி வடிநிலத்தின் அரிசிக்கு உலகச் சந்தை கிட்டியது. காடு திருத்தி வயலாக்க உழவனுக்குப் பணம் தேவைப்பட்டது; அதனைக் கொடுத்தோர் பெரும்பாலும் செட்டிநாட்டார். 1929–30ஆம் ஆண்டுப் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அவர்களின் கடைகளை ஏறத்தாழ 1,650 என்றும், முதலீட்டை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது.

இக்கடைகளின் நடுவம் கோயிலே. முதலாளியின் ஏசண்டு ஒருவர், குடும்பத்தை ஊரில் விட்டு, பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறுவார். அவர் சென்ற ஊரில் தண்டாயுதபாணி கோயில் இருந்தால் தொழிலும் வழக்கும் அங்கே பேசப்பெறும். ரங்கூன் முகல் தெருக் கோயிலில் திங்கள்தோறும் கூடிய கூட்டத்தில்தான் நகரத்தார் தமக்குள் கொடுத்து வாங்கும் ‘நடப்பு வட்டி’ முடிவுசெய்யப்பெற்றது. வரவில் ஒரு பகுதி மகமையாகக் கோயிலுக்குச் சென்றது. கோயிற்பணம் மீண்டும் கடைகளுக்கு வட்டிக்கு வந்தது. இறைவன் பெயரில் பேரேட்டில் தனிக் கணக்கு இருந்தமையால் அறமும் முதலும் ஒரே ஏட்டின் இரு பக்கங்களாயின.

அவ்வறத்தின் பெரும்பகுதி தாயகத்தையே நோக்கிற்று. ஒன்பது நகரக் கோயில்களின் திருப்பணி, வேதபாடசாலை, ஊருணி, காசி முதல் இராமேசுவரம் வரை நகர விடுதிகள் என அதன் பட்டியல் நீளும். கானாடுகாத்தானில் 1881இல் பிறந்த அண்ணாமலைச் செட்டியாரின் குடும்பம் பர்மாவிலும் இலங்கையிலும் தொழில் நடத்தியது. சிதம்பரத்தில் அவர் 1920இல் நிறுவிய மீனாட்சி கல்லூரியே 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. தமிழ்க் கல்வி வரலாற்றில் இதன் இடம் பெரிது. ஆயின் வரவு வந்த வடிநில ஊர்களின் விகாரைப் பள்ளிகள் இத்தகைய அறக்கணக்கில் இடம்பெறவில்லை. தனியொருவர் பகோடாவில் விளக்கேற்றியிருப்பது வேறு. நிறுவனக் கணக்கு வேறு. பொலனறுவை வணிகனுக்கு இருந்த கட்டாயம் ரங்கூன் ஏசண்டுக்கு இல்லை. அவருடைய அடமானப் பத்திரத்தைக் காத்தவை ஆங்கிலேய உரிமையியல் நீதிமன்றமும் பத்திரப் பதிவுச் சட்டமுமே.

பௌத்த இல்லறத்தார் எழுச்சி

1885இல் தீபோ மன்னன் நாடுகடத்தப்பட்டதும் சாசனத்தைப் புரக்கும் அரசன் இல்லாமற்போயினான். அவ்விடத்தை இல்லறத்தார் நிரப்பவேண்டும் என்று கருதியவர் லெடி சயாடோ (1846–1923). துறவிகளுக்கே உரியதாக இருந்த அபிதம்மத்தை எளிய பர்மியச் செய்யுளாக்கி அவர் 1904இல் வெளியிட்டார். ஆணும் பெண்ணும் குழுவாக அமர்ந்து அதைக் கற்றனர். தியானமும் இல்லறத்தார்க்கு உரியதே என்று அவர் போதித்தார். அவர் வழியில் பிறர்க்குத் தியானம் கற்பிக்க ஒப்புதல் பெற்ற சயா தெட்ஜி (1873–1945) துறவியல்லர். ரங்கூனுக்குத் தெற்கே, ஆற்றுக்கு அப்பாலுள்ள பியாப்வேஜி என்னும் ஊரின் குடியானவர். கடன் பத்திரமும் தம்மபாடமும் ஒரே வடிநிலத்து ஊர்களில் உலவிய காலம் அது.

1906இல் தோன்றிய பௌத்த இளைஞர் சங்கமும், 1920இல் அமைந்த பர்மியச் சங்கங்களின் பொதுப்பேரவையும் இவ்வெழுச்சியை அரசியலுக்குக் கொண்டுசென்றன. சிற்றூர்களில் தோன்றிய ‘வுந்தானு’ சங்கங்கள் மதுவிலக்கு, உள்நாட்டுத் துணி, தலைவரி மறுப்பு ஆகியவற்றைச் சமயக் கடமையாகவே மேற்கொண்டன.

இதே ரங்கூனில் தமிழ்ப் பௌத்தரும் இருந்தனர் என்பதை நகரத்தார் வரலாற்று நூல்கள் நினைப்பதில்லை. பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்று, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் அதற்குக் கிளைகள் இருந்தன. 1907இல் தொடங்கிய அவரது ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ், சாதியொழிந்த பழந்தமிழ்ப் பௌத்தத்தை அச்சங்கத்தார்க்கு எடுத்துரைத்தது. ஆகவே தமிழர் பௌத்தத்தை அணுக மொழியோ கடலோ தடையாகவில்லை. தடை, வந்தவர் எவ்வகையில் வந்தார் என்பதில் இருந்தது.

1930ஆம் ஆண்டும் பின்னரும்

1930இல் நெல்விலை வீழ்ந்தது. ஆண்டிறுதியில் தாராவாடியில் தொடங்கிய கிளர்ச்சியின் தலைவர் சயா சான், பொதுப்பேரவையின் முன்னாள் ஊழியர்; நாட்டு மருத்துவர். வரியும் அதனைத் தண்டிய ஊர்த்தலைவருமே அதன் முதல் இலக்கு. எனினும் இந்தியக் கடன்காரரும் தப்பவில்லை. 1931 நவம்பரில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

கிளர்ச்சி அடங்கினும் கடன் அடங்கவில்லை. பதின்மூன்று முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் அது 25 பங்காகி, ஏறத்தாழ 25 இலட்சம் ஏக்கரை எட்டியது. நிலம் அவர்கள் விரும்பிய பொருளன்று. சுழலும் பணமே அவர்தம் தொழில். கடன் தீராமையால் வந்து சேர்ந்த வயலில் முதல் முடங்கிற்று. முதல் முடங்கவே மகமையும் குறைந்தது. உழவனோ வயலை இழந்து குத்தகையாளானான். அவன் பக்கம் நின்று பேசிய சங்கங்களில் செட்டியாரை அறிந்த அறங்காவலர் ஒருவரும் இல்லை. செட்டியாரின் கோயிற்கூட்டத்தில் அவனுக்கும் இடம் இல்லை. இருவரும் சந்தித்த ஒரே இடம் நீதிமன்றம்.

1942இல் சப்பானியர் நுழைந்தபோது பலர் அரக்கான், மணிப்பூர் வழியே நடந்து மீண்டனர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டே அந்நாட்டின் தலைமைக் கணக்காயராகப் பொறுப்பேற்ற ஊ பா கின், சயா தெட்ஜியிடம் தியானம் பயின்றவர்; தம் அலுவலகத்தாருக்கும் அதனைக் கற்பித்தார். 1963இல் வங்கிகளும் நாட்டுடைமையாயின.

நகரத்தார் விட்டுச்சென்ற கோயில்களில் பூசை நிற்கவில்லை. அங்கேயே தங்கிவிட்ட உழைப்பாளர் மரபினரான தமிழர் அவற்றை நடத்துகின்றனர். பர்மாவின் இந்துக் கோயில்கள் பலவற்றில், முருகனுக்கும் அம்மனுக்கும் அருகே, புத்தர் திருவுருவமும் வழிபடப்பெறுகிறது.