சந்தாப் பட்டியல் ஊர் சுற்றிய கதை

அந்தப் பட்டியல் பிறந்தது சந்தா வசூலுக்காக. யார் பணம் கட்டினார்கள், யாருக்கு நினைவூட்டல் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள எந்தக் கட்சி அலுவலகமும் வைத்திருக்கிற கோப்புதான். ஆனால் இதை வைத்திருந்தது பிரிட்டிஷ் தேசியக் கட்சி, சுருக்கமாக பி.என்.பி. 1982இல் ஜான் டிண்டால் தொடங்கி, 1999இல் நிக் கிரிஃபின் கைக்கு வந்த தீவிர வலதுசாரிக் கட்சி. வெள்ளையர் அல்லாதவருக்கு அப்போது அதில் இடமில்லை.

பட்டியலில் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் இருந்தன. பலருடைய தொழிலும் பொழுதுபோக்கும்கூட இருந்தன. குடும்பமாகச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் பெயரும் ஏறியிருந்தது. இவற்றைவிட முக்கியமானவை ஓரத்தில் எழுதிய குறிப்புகள். இவர் விஷயத்தில் கவனம், வேலைக்கு ஆபத்து வரலாம் என்று சில பெயர்களுக்கு எதிரே குறித்திருந்தார்கள். அதற்குக் காரணமும் உண்டு. 2004 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் போலீஸ்காரர்கள் இந்தக் கட்சியில் சேரக் கூடாது. சிறைத்துறையிலும் அதே தடை. மறைக்க வேண்டியது எது என்பதைக் கட்சி அலுவலகமே அக்கறையாக எழுதி வைத்துவிட்டது.

2007 டிசம்பரில் கட்சிக்குள் கலகம் வெடித்தது. தலைமையை எதிர்த்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பட்டியலும் அந்தக் காலத்துக் கையிருப்புதான். 2008 நவம்பர் நடுவில் அது ஒரு வலைப்பதிவில் முழுசாகக் கிடந்தது: பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். பதிவு சீக்கிரமே அகற்றப்பட்டது. ஆனால் அதற்குள் டோரண்டிலும் விக்கிலீக்ஸிலும் நகல்கள் வந்துவிட்டன. நாடு முழுக்க ஆட்கள் தங்கள் தெருவின் அஞ்சல் குறியீட்டைத் தேடிப் பார்த்தார்கள்.

அங்கிருந்து பட்டியல் வரைபடமானது. கார்டியன் நாளிதழ் பெயர்களை விட்டுவிட்டு, தொகுதிவாரியாக நிறம் தீட்டி வெளியிட்டது. லங்காஷயர், யார்க்‌ஷயர், கிழக்கு மிட்லண்ட்ஸ் பகுதிகள் அடர்ந்து தெரிந்தன. அது பயனுள்ள வேலை. கூகுள் வரைபடத்தில் ஆளாளுக்குப் புள்ளி குத்தியவர்கள் செய்தது வேறு. பிரிட்டனில் ஒரு அஞ்சல் குறியீட்டுக்குள் சராசரியாகப் பதினைந்து வீடுகள் வரும். புள்ளி பக்கத்து வீட்டுக்காரர் கூரையில் விழலாம். போதாததற்கு, கட்சியை விட்டு எப்போதோ விலகியவர்களும் பட்டியலில் இருந்தார்கள். இனவெறிக் கட்சி என்பதற்காக இதையெல்லாம் கொண்டாட என்னால் முடியவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் முகவரி வெளியானதில் என்ன அரசியல் வெற்றி?

கிரிஃபின் போலீஸுக்குப் போனார். அவர் வீடு வேல்ஸில் என்பதால் டிஃபெட்-பாவிஸ் காவல்துறை விசாரித்தது. மனித உரிமைச் சட்டத்தை ஒழிக்க வேண்டும் என்று முழங்கிய கட்சி, அதே சட்டத்தின் நிழலில் ஒதுங்கப் பார்த்தது. சிரிக்காமல் இருக்க முடியாது.

பட்டியலின் பலன் முதலில் தெரிந்தது வேலையிடங்களில். மெர்சிசைடு காவல்துறையில் ஒரு கான்ஸ்டபிள் 2009 மார்ச்சில் பணிநீக்கம் ஆனார். பெயருக்கு முன்னால் 'ரெவரெண்ட்' போட்டவர்களும் பட்டியலில் தென்பட்டார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவையில், குருமார்கள் இக்கட்சியில் சேரக் கூடாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் வசந்தா ஞானதாஸ். தமிழ்ச் செவிக்கு அந்நியமில்லாத பெயர். லண்டன் பெருநகரக் காவல்துறையில் பணியாற்றியவர். போலீஸுக்கு உள்ள விதி பாதிரியாருக்கு ஏன் கூடாது என்பது அவர் வாதம். 2009 பிப்ரவரியில் தீர்மானம் பெரும் ஆதரவோடு நிறைவேறியது.

வாக்குப்பெட்டியைப் பட்டியல் தொடவே இல்லை. அதே ஆண்டு ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பி.என்.பி. 6.2 சதவீதமும் இரண்டு இடங்களும் பெற்றது. வடமேற்கில் கிரிஃபின், யார்க்‌ஷயரில் ஆண்ட்ரூ பிரான்ஸ். வடமேற்கில் கட்சிக்கு 2004இல் விழுந்ததைவிடச் சற்றுக் குறைந்த வாக்குகளே விழுந்தன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எம்.பி.க்களின் செலவுக் கணக்கு ஊழலில் லேபர் கட்சி சரிந்தது; அந்தச் சரிவில்தான் கிரிஃபின் ஏறினார்.

செப்டம்பரில் நாட்டிங்ஹாம் நீதிமன்றம் பட்டியலைக் கசியவிட்ட முன்னாள் கட்சிக்காரருக்கு 200 பவுண்டு அபராதம் விதித்தது. ஆள் அரசு உதவித்தொகையில் வாழ்ந்ததால் அவ்வளவுதான். இவ்வளவு ஆபத்தான செயலுக்குச் சட்டத்தில் அபராதம் மட்டும்தானா என்று நீதிபதியே வியந்தார். கிரிஃபினும் கொதித்தார், இந்த ஒரு விஷயத்தில் அவர் கோபம் நியாயமானது.

அக்டோபரில் இன்னொரு பட்டியல் விக்கிலீக்ஸில் வந்தது, கிரிஃபின் பிபிசியின் 'கொஸ்டியன் டைம்' நிகழ்ச்சியில் உட்காருவதற்கு இரண்டு நாள் முன்பு. போலி என்றார் அவர். அதற்குள் சமத்துவ, மனித உரிமை ஆணையம் கட்சியை வேறொரு வழக்கில் இழுத்திருந்தது: யாரைச் சேர்க்கிறாய் என்பதைவிட யாரைச் சேர்க்க மறுக்கிறாய் என்பதே அங்கே கேள்வி. 2010 பிப்ரவரியில் கட்சி விதியை மாற்ற நேர்ந்தது. அந்த ஆண்டு உறுப்பினரானவர்களில் ராஜிந்தர் சிங் என்ற சீக்கியர் ஒருவர். ஓய்வுபெற்ற ஆசிரியர், பிரிவினைக் கலவரத்தில் தந்தையை இழந்தவர். முஸ்லிம்கள் மீதான அவர் கசப்பு கட்சிக்கு ஏற்கனவே பிரச்சாரத்தில் பயன்பட்டிருந்தது. அட்டை மட்டும்தான் பாக்கி இருந்தது.